கொங்குப் பதிவுகளைக் கணினியில் தேடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கோப்புகள், கல்வெட்டு ஆண்டறிக்கைகள், இனாம் (வரி நீக்கிக் கொடுத்த மானிய நிலம்) பதிவேடுகள், பழைய கிரயப் பத்திரங்கள், நில அளவை வரைபடங்கள் என்று கொங்கு நாட்டு வரலாற்றுக்கு வேண்டியதில் கணிசமானது இன்று ஸ்கேன் வடிவில் கிடைக்கிறது. ஆனால் தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரைத் தட்டிவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் எழுந்து போகிறவர்களே அதிகம். பெரும்பாலும் ஆவணம் இருக்கும். கேட்ட விதம்தான் அதற்குப் புரியாத விதமாக இருக்கும். உங்களுக்கு எந்தத் தொல்லையோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஊர்ப்பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை

மூன்று காரணங்கள். வரிசையாகப் பாருங்கள், முதலாவதிலேயே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

முதலில் எழுத்துக்கூட்டல். 1800களின் ஆங்கில ஆவணங்களில் ஊர்ப்பெயரை எழுதிய குமாஸ்தாவின் காதுதான் இலக்கணம். 1800-01இல் இந்தப் பக்கம் சுற்றிப் பார்த்து எழுதிய ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி புக்கானன், கோயம்புத்தூரையே ‘கோயம்பெட்டோர்’ என்று படிக்கும்படி எழுதியிருக்கிறார். த, ட இரண்டுக்கும் ஒரே எழுத்து, ழகரத்துக்கு இரண்டு மூன்று விதம், ‘பாளையம்’ என்ற ஈற்றுக்குக் கணக்கே இல்லை. ஆகவே முழுப்பெயரைத் தட்டாதீர்கள். பெயரின் முதல் நான்கைந்து எழுத்தைப் போட்டு நட்சத்திரக் குறி (*) வையுங்கள்; மீதி எழுத்து எதுவானாலும் சரி என்று அதற்குப் பொருள். எல்லாத் தளமும் நட்சத்திரத்தை ஏற்காது. கட்டாயம் இருக்கும் என்று தெரிந்த ஒரு சொல்லை வெட்டிப் போட்டுச் சோதித்துவிட்டு, பிறகு நம்புங்கள். கிடைக்கும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் ஊர்வாரியாகச் சேர்த்து வையுங்கள். அடுத்த தளத்தில் அதே தாள் உதவும்.

இரண்டாவது, மாவட்டம். இங்கேதான் தடுக்கி விழுவார்கள். தேடும் ஊர் இன்று எந்த மாவட்டம் என்பது முக்கியமில்லை. ஆவணம் எழுதிய ஆண்டில் எந்த மாவட்டம் என்பதே கேள்வி. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டம், அதன்பின் திருச்சிராப்பள்ளி, 1995இல்தான் தனி மாவட்டம். நாமக்கல் சேலத்திலிருந்து 1910இல் திருச்சிக்குப் போய், 1929இல் சேலத்துக்கே திரும்பி, 1997இல் தனியானது. கொள்ளேகாலம் 1956 வரை கோவை மாவட்டத்துத் தாலுக்கா. அதன் பழைய கோப்புகளை மைசூர்ப் பக்கம் மட்டும் தேடினால் கைக்கு ஒன்றும் வராது. நீலகிரி 1868இல் பிரிந்தது. ஈரோடு 1979இல் ‘பெரியார் மாவட்டம்’ என்ற பெயரில் பிரிந்தது, ஆகையால் 1980களின் அரசாணைகளில் ‘ஈரோடு மாவட்டம்’ என்று தேடுவது வீண். பழனி மதுரையில் இருந்து 1985இல் திண்டுக்கல்லுக்குப் போனது. திருப்பூர் 2009.

இன்னும் பின்னால் போனால், சேலம் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவுகள் 1792இல் தொடங்கும், கோவைப் பக்கம் 1799இல்தான். 1795இல் தாராபுரத்துக்குக் கலெக்டர் கடிதம் தேடுகிறவர், மைசூர் ஆட்சிக்குள் இருந்த ஊருக்குக் கம்பெனிக் கடிதம் தேடுகிறார். 1804 வரை கோவை வடக்கு, தெற்கு என இரண்டு வட்டாரமாக இருந்ததையும் நினைவில் வையுங்கள். தொகுதியின் முதுகில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

மூன்றாவது, கல்வெட்டு. அங்கே மாவட்டமும் கிடையாது, தாலுக்காவும் கிடையாது. நாட்டுப் பெயரும் பழைய ஊர்ப்பெயரும்தான். அவிநாசிக்குத் திருப்புக்கொளியூர், பவானிக்குத் திருநணா, காஞ்சிகோயிலுக்குக் காஞ்சிக்கூவல். கரூர், ‘வெங்கால நாட்டுக் கருவூரான முடிவழங்கு சோழபுரம்’ என்று நீட்டி முழக்கிக்கொண்டு வரும். ஊர்ப்பெயரில் கிடைக்காவிட்டால் பூந்துறை நாடு, காங்கய நாடு, தென்கரை நாடு, குறுப்பு நாடு, ஆறை நாடு என்று நாட்டின் பெயரில் தேடுங்கள். ‘நாடு’ என்று முழுச்சொல்லாகத் தேடாதீர்கள். ‘நாட்டு’ என்றே கல்வெட்டில் அதிகம் வரும், இரண்டுக்கும் எழுத்து வேறு.

ஊர் கிடைக்கிறது, ஆனால் பத்து ஊர் கிடைக்கிறது

செட்டிபாளையம், புதுப்பாளையம், காட்டூர், கவுண்டம்பாளையம் என்று தேடினால் இதுதான் கதி. பெயரை மட்டும் குறிப்பில் எழுதாதீர்கள். தாலுக்கா, வருவாய்க் கிராமம், 2011 மக்கள்தொகைக் கணக்கின் ஆறு இலக்கக் கிராமக் குறியீடு, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். குக்கிராமத்துக்குக் குறியீடு இருக்காது; அது எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்குகிறது என்று கண்டு தாய்க்கிராமத்தின் எண்ணைப் போட வேண்டும்.

இன்றைய வரைபடத்தில் ஊரே இல்லையென்றால் தண்ணீருக்குள் பாருங்கள். டணாய்க்கன்கோட்டை பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களும் அப்படியே. இவற்றை அணைக்கு முந்தைய நில அளவைத் தாளில்தான் பிடிக்க முடியும்.

ஆண்டு ஒன்று தள்ளிப் போகிறது

பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டைக் கிறிஸ்தவ ஆண்டாக மாற்றும்போது 590 கூட்டு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591. இந்த ஜூலை 1 கணக்கும் 1855இலிருந்துதான்; அதற்கு முன் தொடக்க நாள் ஜூலை நடுவில் விழுந்தது. எனவே 1855க்கு முந்தைய ஆவணத்தில் ஜூலை முதல் பாதித் தேதி வந்தால் இரண்டு பசலியையும் தேடுங்கள்.

தமிழ் வருஷத்துக்கு: கிறிஸ்தவ ஆண்டிலிருந்து 1867ஐக் கழியுங்கள், 60ஆல் வகுத்து மீதியோடு ஒன்று கூட்டுங்கள், வருவது அறுபதில் எத்தனையாவது என்ற எண். 1876க்கு மீதி 9, ஒன்று கூட்டினால் 10, பத்தாவது வருஷம் தாது. தாது வருஷப் பஞ்சத்தைக் கொங்கு நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு என்பதால், உங்கள் சூத்திரம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் குழப்பம் தெரியும். தாது வருஷம் சித்திரையில் எழுதிய பத்திரம் பசலி 1285. அதே தாது வருஷம் ஆடிக்கு மேல் எழுதியது பசலி 1286. தாது வருஷம் தை மாதத்தது பசலி 1286தான், ஆனால் கிறிஸ்தவ ஆண்டு 1877. தரவுத்தளத்தில் ஒரே ஒரு ‘ஆண்டு’ பத்தி (நெடுவரிசை) வைத்திருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பத்தி மூன்று வையுங்கள்: ஆவணத்தில் உள்ளபடி, மாற்றியது, மாற்றியதில் எவ்வளவு உறுதி. முதல் பத்தியை எக்காலத்திலும் தொடாதீர்கள்.

சக ஆண்டுக்கு 78 கூட்டு, தை தொடங்கிப் பங்குனி வரை 79. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்தால் அதை எண்ணாக மாற்றித் தேதிப் பத்தியில் போடவே போடாதீர்கள். கொங்குச் சோழரில் ஒரே பெயரில் ஒருவருக்கு மேல் உண்டு.

நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வருகிறது

பக்கத்தில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. கோப்பு ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் தட்டச்சானது. பி.டி.எஃப். பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். பாமினி, டிஸ்கி, டாம், டாப், வானவில் என்ற பெயர்களில் ஒன்று தட்டுப்படும். அதற்குரிய மாற்றியில் ஒரு பத்தியை மட்டும் போட்டுப் பாருங்கள். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘ஔ’ மூன்றும் சரியாக வந்தால் முழுக்கோப்பையும் மாற்றலாம். இல்லாவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரியில் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள்) கொடுப்பதே சீக்கிரம் முடியும்.

இதன் தம்பி ஒன்று உண்டு. ஒட்டியது சரியான தமிழாகத் தெரியும், தேடினால் மட்டும் சிக்காது. ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதிவாகலாம், கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ‘கொங்கு’ என்று தேடிப் பாதிதான் வருகிறது என்றால் இதுதான். கோப்பு முழுவதையும் ஒருமுறை என்.எஃப்.சி. முறைக்கு (ஒரே எழுத்தை ஒரே குறியாக்கும் ஒருங்குறி முறை) இயல்பாக்கிவிடுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது. அதைக் கையால் மாற்ற வேண்டும்.

எழுத்துணரி தப்புத்தப்பாகப் படிக்கிறது

ஸ்கேன் 300 டி.பி.ஐ.க்குக் குறைவா என்று முதலில் பாருங்கள். குறைவென்றால் பெரிதாக்கிப் பயனில்லை, மறுபடி எடுக்க வேண்டும். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்துக்கு இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கப் பகுப்பு முறை 3 என்பது தானியங்கி. ஒரே பத்தியான பக்கத்துக்கு 6, எழுத்தளவு மாறிமாறி வரும் ஒற்றை நெடுவரிசைக்கு 4, பதிவேட்டுக் கட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து இருந்தால் 11. இரண்டு நெடுவரிசை அச்சை எழுத்துணரியை நம்பி விடாதீர்கள், நடுவில் வெட்டி இரண்டு படமாக்கிக் கொடுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவை பழைய வடிவத்தில் வரும். புதிய அச்சில் பழக்கிய எழுத்துணரி துதிக்கை போட்ட ‘லை’யைக் கண்டால் திணறும். ஐம்பது பக்கத்தை ஓட்டிப் பார்த்து, எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பட்டியலிட்டு, சொல்லளவில் மாற்றுங்கள். எழுத்தளவில் மாற்றினால் சரியாக இருந்ததும் கெடும்.

தமிழ் எண்கள்தான் பெரிய வில்லங்கம். ௧ ‘க’ ஆகும், ௨ ‘உ’ ஆகும், ௫ ‘ரு’, ௭ ‘எ’, ௮ ‘அ’, ௰ ‘ய’. பழைய முறையில் 1876 என்பது ௲௮௱௭௰௬ என்று ஆறு எழுத்தாக இருக்கும். ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு. எழுத்துணரி இதை ‘அ’வும் ‘எ’வும் ‘ய’வும் நடுவில் வந்த ஏதோ ஒரு சொல்லாக எழுதிவிடும். பிழைதிருத்தியில் கண்ணும் தங்காது. ஆண்டுக் குறியான ௵, மாதக் குறி ௴, நாள் குறி ௳, மேற்படிக் குறி ௸, ரூபாய்க் குறி ௹ ஆகியவற்றுக்கு அருகில் வரும் சொற்களை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் குறிகளையே எழுத்துணரி விழுங்கியிருந்தால் ‘வருஷம்’, ‘மாதம்’, ‘தேதி’ என்ற சொற்களுக்கு அருகில் பாருங்கள். முழுக்கோப்பிலும் ‘க’வை 1 ஆக்கும் விபரீதம் மட்டும் வேண்டாம்.

காணி, மா, முந்திரி போன்ற பின்னக் குறிகள் ஒருங்குறியில் 2019இல்தான் சேர்ந்தன. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பில் கோளாறு இல்லை, எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் நிறுவினால் தெரியும்.

புல எண் தேதியாக மாறிவிடுகிறது

எக்செல் 12/3 என்ற உட்பிரிவை மார்ச் அல்லது டிசம்பர் மாதத் தேதியாக்கிவிடும். மாறிய பிறகு வடிவத்தை மாற்றினால் எண் திரும்பாது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வரும். எதையும் தட்டும் முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். சி.எஸ்.வி. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள்; ‘டேட்டா’ பட்டியலிலிருந்து இறக்குமதி செய்து, 65001 யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் கிறுக்கலாக வருவதும் அதிலேயே நிற்கும்.

1900 ஜனவரி 1க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே மதிக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதனால்தான் 1876ம் 1902ம் கலந்த பட்டியல் வரிசைப்படுத்தினால் கலைந்து போகிறது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண் பத்தியாகப் பிரியுங்கள்.

புல எண் சரி, நிலம் வேறு

ஒரு நிலத்துக்கு நான்கு தலைமுறை எண்கள் இருக்கலாம். பைமாஷ் என்ற மிகப் பழைய நில அளவையின் எண், முதல் செட்டில்மெண்ட் சர்வே எண், ரீசர்வே எண், 1979இல் தொடங்கி 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பிந்தைய உட்பிரிவு. இணையச் சிட்டாவில் கடைசி எண் மட்டுமே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு 1860களின் இனாம் பதிவேட்டுக்குள் போனால் யாரோ ஒருவருடைய காட்டில் போய் நிற்பீர்கள்.

இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். இன்றைய எண்ணிலிருந்து யூ.டி.ஆர். அ-பதிவேடு, அதில் பழைய புல எண் என்ற பத்தி இருக்கும். அங்கிருந்து ரீசர்வே, செட்டில்மெண்ட் பதிவேடு. அதில்தான் பைமாஷ் எண் பிடிபடும். இனாம் நிலமானால் டி.டி. எண் என்ற உரிமைப் பட்டய எண்ணைப் பிடித்துவிட்டால் புல எண்ணைவிட உறுதியான பிடி.

கோவை, ஈரோடு பக்கத்துப் பத்திரங்களில் எண்ணுக்கு முன்னால் ‘க.ச.’, ‘ரீ.ச.’ என்று வரும். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் எந்தத் தலைமுறை எண் என்பது போய்விடும். நான்கெல்லையைச் ‘செக்குபந்தி’ என்றும் நிலத்தைப் ‘பூமி’ என்றும் எழுதுவது இந்தப் பக்கத்து வழக்கம். எழுத்துணரி ஓட்டிய பத்திரத் தொகுப்பில் ‘எல்லை’ என்று தேடி ஒன்றும் வராவிட்டால் ‘செக்குபந்தி’ என்று தேடுங்கள். ‘தடபாத்தியம்’ என்று தேடினால் வண்டித்தட உரிமை பற்றிய வரிகள் வரும். செக்குபந்தியில் உள்ள பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் தோட்டத்தின் பெயரும் எண் மாறினாலும் மாறாமல் தொடரும். எண் கைவிடும்போது அதுதான் துணை.

நிலத்தின் அளவு நம்ப முடியாத அளவுக்குப் பெரிது

நீளம் ஐந்து மடங்கு, பரப்பு இருபத்தைந்து மடங்கு என்றால் பழைய புலப்படத்தில் இருந்த லிங்க் அளவை மீட்டர் என்று தட்டிவிட்டீர்கள். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் 20.12 செ.மீ. பரப்பு சுமார் இரண்டரை மடங்கு தவறினால் ஏக்கரும் ஹெக்டேரும் மாறியிருக்கிறது. வள்ளம், புல்லா என்ற உள்ளூர் அளவுகள் வந்தால் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். அதே பதிவேட்டில் இரண்டு அளவும் சேர்ந்து வரும் வரி கிடைத்தால் மட்டும் அந்த ஊருக்கு மாற்றலாம்.

பழைய வரைபடம் இன்றைய வரைபடத்தின் மேல் உட்காரவில்லை

எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். தூரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

நூறு, இருநூறு மீட்டர் என்றால் பூமியின் வடிவத்துக்கு அன்று கொண்ட எவரெஸ்ட் கோளவுருவுக்கும் இன்றைய டபிள்யூ.ஜி.எஸ்.84க்கும் உள்ள வித்தியாசம். கிழக்கே நாலரை கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளினால் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையைப் பழைய மதிப்பில் வைத்து வரைந்த தாள். பிழை சுமார் இரண்டரைக் கலை (ஒரு பாகையில் அறுபது கலை). நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கடலிலோ வேறு மாநிலத்திலோ விழுந்தால் யூ.டி.எம். (பூமியை ஆறு பாகை அகலப் பட்டைகளாகப் பிரிக்கும் வரைபட முறை) மண்டலம் தவறு. இது கொங்குக்கென்றே வாய்த்த தொல்லை. 78 பாகை தீர்க்கரேகை நாட்டின் குறுக்கே ஓடுகிறது: கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் 43ஆம் மண்டலத்தில், கரூர், நாமக்கல், சேலம் 44இல். மொத்த நாட்டையும் ஒரே திட்டத்தில் வரைந்தால் ஒரே மண்டலத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தாளையும் அதற்கு மாற்றுங்கள்.

கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் தாளின் ஓரத்து அட்சரேகை எண்களை நம்பாமல் தரையில் உள்ள புள்ளிகளைக் கட்டுங்கள். நேர்கோட்டு மாற்றத்துக்கு (பாலினோமியல் 1) குறைந்தது மூன்று புள்ளி, வளைவுக்கு (பாலினோமியல் 2) ஆறு. குறைந்தபட்சத்தோடு நின்றால் பிழையளவு பூச்சியம் என்று காட்டி ஏமாற்றும். எட்டுப் பத்துப் புள்ளி வையுங்கள். பெரிய கோயில்கள், சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் மலை உச்சிகள் ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்றங்கரை, குளக்கரை, சாலைச் சந்திப்பு மூன்றும் இடம் மாறக்கூடியவை, தவிர்த்துவிடுங்கள்.

மேற்கோள் எண் கிடைத்தது, கோப்பு கிடைக்கவில்லை

கல்வெட்டு ஆண்டறிக்கை எண் அந்தந்த ஆண்டுக்குள் மட்டுமே தனித்தது. எண்ணும் ஆண்டும் சேர்ந்தால்தான் முகவரி. அந்த ஆண்டு படியெடுத்த ஆண்டு, அறிக்கை அச்சான ஆண்டு அதற்குப் பின்னால் வரும். செப்பேடு அ-இணைப்பில், கல்வெட்டு ஆ-இணைப்பில். அரசாணையும் அதே போல: எண் ஆண்டுதோறும் துறைதோறும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. (நிலை) என்பதும் (வாலாயம்) என்பதும் வேறு வரிசை. துறை, வரிசை, எண், முழுத் தேதி நான்கும் எழுதாத கோரிக்கைச் சீட்டு திரும்பி வந்தால் ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

லண்டனில் உள்ள இந்தியா அலுவலகப் பதிவுகளின் பழைய இணைப்புகள் செத்திருந்தால், 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் குறித்த முகவரிகள் பல இன்று திறப்பதில்லை. குறிப்பில் இணைப்பை மட்டும் வைக்காமல் ஐ.ஓ.ஆர். என்று தொடங்கும் அடுக்கு எண்ணையும் எழுதுங்கள். முகவரி மாறினாலும் அந்த எண் மாறாது.

டிராப்பியில் படங்கள் காணாமல் போய்விட்டன

டிராப்பி என்பது காப்பகப் படங்களை அடுக்கிக் குறிப்பெழுதும் மென்பொருள். படத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துவைத்த திட்டம் என்றால், கோப்புறையின் பெயரை மாற்றினாலோ வேறு வட்டுக்கு நகர்த்தினாலோ இப்படி ஆகும். படம் வட்டில்தான் இருக்கும். பட்டியலில் ‘கன்சாலிடேட்’ கொடுத்துப் புதிய கோப்புறையைக் காட்டினால் மீண்டும் பிணைத்துக்கொள்ளும். கோப்புப்பெயரை மாற்றியிருந்தால் அவ்வளவு எளிதாகப் பிணையாது. ஆகவே பெயரிடுவதைக் காப்பகத்திலிருந்து திரும்பிய அன்றே, டிராப்பிக்குள் சேர்க்கும் முன் முடியுங்கள்: காப்பகச் சுருக்கம், தொகுதி, கோப்பு எண், பக்கம், இந்த வரிசையில், பக்க எண் மூன்று இலக்கமாக. 7 என்றால் 007. இல்லாவிட்டால் பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு முன்னால் போய் நிற்கும்.